சொல்லாமல் போகும் கதிரைக்காரர்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் கதிரைகளை வாடகைக்குக் கொடுத்த றொபேட்டை எந்தக் கல்யாண வீட்டிலும் யாரும் கண்டதில்லை. செத்த வீடென்றால் அவர் கட்டாயம் இருப்பார்.

பிழை கதிரைகளுடையது. சுதந்திரம் கிடைத்த கையோடு வெள்ளைக்காரர்கள் மூடிவிட்டுப்போன ஒரு கிளப்பின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, அங்கிருந்த நாற்பது மடக்குக் கதிரைகளையும் அவர் மொத்தமாக எடுத்தார். பளபளக்கும் உருக்குக் குழாய். வளைத்த இரண்டு குழாய்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும். பக்கத்துக்கு ஒரு ஆணி. இருக்கவும் சாயவும் இழுத்துக் கட்டிய கன்வஸ். அவ்வளவுதான். ஒரு கையால் விரிக்கலாம். மடக்கினால் சுவரோடு சிலேட்டுப் போல ஒட்டி நிற்கும்.

"மரக்கதிரை தன்ர பொருத்தை ஒளிக்கும். இது தான் எப்பிடி நிக்குதெண்டதை உங்கட கண்ணுக்கு முன்னாலயே காட்டும்" என்று கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் விளக்குவார். அந்த வளைவில் விரலை ஓட்டாமல் ஒரு கதிரையை அவரால் கடந்துபோக முடியாது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. றொபேட்டுக்கோ குஞ்சுகள் நாற்பது.

கல்யாண வீட்டார் "ஆஸ்பத்திரிச் சாமான்" என்று முகம் சுளித்தார்கள். சாவு சொல்லிக்கொண்டு வருவதில்லையே. அவசரத்துக்கு ஒரே கைவண்டியில் வந்து வாசலில் விரியும் கதிரைதான் அங்கே தோதானது. அப்படியே செத்த வீட்டுக் கதிரை என்று பெயர் விழுந்துவிட்டது. செத்த வீட்டிலிருந்து கிளம்பும்போது, போய்விட்டு வருகிறேன் என்ற பொருளில் "போட்டு வாறன்" என்று சொல்லக் கூடாது. சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவதாகிவிடும். வருசக்கணக்காக இப்படிப் பேசாமல் கிளம்பிக் கிளம்பி, சலூனிலும் சாப்பாட்டுக் கடையிலும்கூட மனிதர் சொல்லாமல்தான் எழும்பினார். பாவம், நாக்கு அப்படிப் பழகிவிட்டது.

வெள்ளவத்தையில் ஐறீனின் தாய் இறந்தபோதும் அந்தக் கதிரைகள்தான் போயின. ஒரு கனத்த மாமா இருந்ததில் ஒரு கன்வஸ் 'டர்' என்று கிழிந்தது. தாயோடு தனியே இருந்து தையல் வேலை செய்துவந்த ஐறீன், அந்த வாரமே அதைத் தைத்துக் கொடுத்தாள். அதன்பிறகு றொபேட்டின் கதிரைகள் ஆச்சரியமான வேகத்தில் கிழியத் தொடங்கின. ஆள் இருந்து கிழிந்தால் நூல் பிரியும். இவையோ பிளேட்டால் கோடு போட்டதுபோல் வந்தன. ஐறீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தைத்தாள். தேத்தண்ணி கொடுத்தாள். குழாயின் அழகைப் பற்றி அவர் கதைப்பதை ஆசையோடு கேட்டாள். ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு ஒரு சொல்லும் சொல்லாமல் படியிறங்கியது அவள் நெஞ்சில் தைத்தது. திரும்பி வர எண்ணமில்லாதவர்தானே சொல்லாமல் போவார்?

இப்படியே இரண்டு வருசம். மட்டக்களப்பிலிருந்த அவள் தம்பி, தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டான். ஐறீனும் ஓமென்றுவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை றொபேட் கதிரையோடு வந்தபோது, தையல் மெசின் சாக்குக்குள் கட்டுண்டு கிடந்தது. மேசை, கட்டில் என்று தளபாடமெல்லாம் விற்றாயிற்று.

"திங்கக்கிழமை போறன், மிஸ்டர் றொபேட்."

அவர் கொண்டுவந்த கதிரையை விரித்து அவளை இருக்கச் சொன்னார். குழாய் மெல்ல வளைந்துகொடுத்து அவளைத் தாங்கியது. அவருக்குத்தான் வாய் வளையவில்லை. வழமைபோலத் தொப்பியை எடுத்துப் படியிறங்கினார்.

"நில்லுங்கோ!" ஐறீன் எழும்பி வாசலுக்கு வந்தாள். "அம்மா செத்து ரெண்டு வருசமாச்சு. என்ர வீடு உங்களுக்கு இன்னும் செத்த வீடோ?"

றொபேட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயோ, இல்ல ஐறீன்... நான்... நான் போட்டு வாறன்."

"எப்ப?"

"நாளைக்கு. நாளையிண்டைக்கும். நீங்கள் இஞ்ச இருந்தா, எப்பவும்."

ஐறீன் உள்ளே போய்ச் சாக்கின் முடிச்சை அவிழ்த்தாள்.

இருவரின் கல்யாணத்துக்கு வந்தவர்கள் அந்த நாற்பது கதிரைகளில்தான் இருந்தார்கள். கேக் தின்றார்கள், சிரித்தார்கள், பகிடி விட்டார்கள். பிறகு, கதிரை பழக்கிய பழக்கம், ஒருவர்பின் ஒருவராக எழும்பி ஒரு சொல்லும் சொல்லாமல் நழுவத் தொடங்கினார்கள். மணப்பெண் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கேற்றுக்குக் குறுக்கே போய் நின்றாள்.

"வாறன் எண்டு சொல்லாம ஒருத்தரும் இஞ்சயிருந்து போகேலாது!"

அந்தக் கனத்த மாமாதான் முதலில் சொன்னார். மற்றவர்களும் சொன்னார்கள். கதிரை மடக்குவதை விட்டுவிட்டு, றொபேட் ஒவ்வொருவருக்கும் "வாங்கோ, வாங்கோ" என்று சொல்லிக்கொண்டு நின்றார்.