சிஞ்சு சந்தையில் கிடைத்த ஒரே மாங்காய்

மார்ச்சில் எங்கள் மாந்தோப்பில் காய் பறிப்பு. அதை விட்டுவிட்டு எவனாவது தைவான் போவானா? நான் போனேன். சிஞ்சு நகரில் தங்கை வசந்திக்கு மூன்றாம் மாதம், மாப்பிள்ளைக்கோ லீவு இல்லை. கோவைப் பக்கம் இருக்கும் எங்கள் சித்தூரிலிருந்து கோவை விமான நிலையம் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். சிங்கப்பூரில் மாறி தைபே, அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்.

போய்ப் பார்த்தால், நாலு நாளாக அவள் வயிற்றில் தண்ணீர்கூட நிற்கவில்லை. இன்றும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். "புளிப்பா ஒரு மாங்கா கெடைச்சாத் தின்னுருவனுங்ணா" என்றாள். காய்கனி கொண்டுவரத் தடை என்பதால், தோப்புக்காரன் வெறுங்கையோடு வந்திருந்தேன்.

பதினொன்றரைக்குச் சந்தைக்கு ஓடினேன். வீட்டிலிருந்து எண்ணூறு மீட்டர். ஆள் நடக்கவே இடமில்லாத சந்துக்குள் ஸ்கூட்டர்கள் நுழைகின்றன, மீன்கள் தொட்டியில் துள்ளுகின்றன, ஒருவர் மைக்கில் முட்டைக்கோஸ் விற்கிறார். வேறு நாளாக இருந்தால் ரசித்திருப்பேன். வெட்டிய கொய்யா ஐம்பது தைவான் டாலர், நம் காசுக்கு நூற்று நாற்பது ரூபாய்க்கு மேல். மாங்காய் கேட்டால் சர்க்கரைப் பாகில் ஊறியதைக் காட்டுகிறார்கள். அட கடவுளே!

கடைசிக் கடையில் ஒரு கூடை நிறையப் பச்சை மாங்காய் இருந்தது. எங்கள் ஊரில் காம்பை ஒடித்துப் பாலை முகர்ந்துதான் புளிப்பு பார்ப்போம். கை தானாக ஒடித்துவிட்டது. கடைக்காரம்மாவின் சட்டையில் பால் தெறித்தது. அவர் போட்ட சத்தத்தில் சந்தே திரும்பிப் பார்த்தது. பதறி வசந்திக்குப் போன் போட்டு அவரிடம் நீட்டினேன். பேசிவிட்டுத் திருப்பித் தந்தார்.

"ஏனுங்ணா, காம்பொடிச்ச காய இனி ஆரு வாங்குவாங்கன்னு கேக்கறாங்க. எதுக்குங்ணா அத ஒடிச்சீங்க?"

"பழக்கதோசம் அம்மிணி. மானமே போச்சு!"

ஒடித்த அந்த ஒன்றுக்கு இருபது டாலர் கொடுத்துவிட்டு, தலை நிமிராமல் வீட்டுக்கு ஓடி வந்தேன்.

போகிறவர்கள் காலை ஏழுக்கே போய்விடுங்கள், ஒரு மணிக்குள் கடைகளைக் கழுவி மூடிவிடுகிறார்கள். கார்டு செல்லாது, சில்லறை வேண்டும். கேட்காமல் எதையும் தொடாதீர்கள். திட்டு வாங்கினாலும் நின்று வேண்டிய அளவு வாங்குங்கள், என்னைப்போல் ஓடி வராதீர்கள்.

உப்பு மிளகாய்த்தூள் தொட்டு அவள் தின்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கால் மணி, அரை மணி, ஒரு மணி நேரம். வாந்தி வரவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது மணி ஒன்று பத்து. வசந்தி விரலைச் சப்பிக்கொண்டே கேட்டாள்.

"இன்னொண்ணு இருக்குதுங்களாண்ணா?"