செல்போனுக்கு இலை போட்ட அமாவாசை

எங்கள் சித்தப்பாவுக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலையில் வேலை. அங்கே உலை ஓட்டப் பழக நைஜீரியாவிலிருந்து வந்த ஒருவரை எங்கள் மாடியறையில் குடிவைத்ததும் அவர்தான். ஒரே மாதத்தில் தெருப் பிள்ளைகள் நாங்கள் அவரை ‘மாடி மாமா’ ஆக்கிவிட்டோம்.

ஒரு அமாவாசை மதியம் மாமா செல்போனோடு இறங்கி வந்தார். முகம் சரியில்லை. அவருடைய கொள்ளுத்தாத்தாவை வெள்ளைக்காரர்கள் தங்கள் யுத்தத்துக்கு இழுத்துப்போக, அவர் எதிரி நாட்டில் கைதியானாராம். அங்கே ஆராய்ச்சிக்கென்று கைதிகளின் குரலைப் பதிவு செய்தார்களாம். ஆள் ஊர் திரும்பவேயில்லை. மாமா பல வருடம் கெஞ்சிய பிறகு, அந்த நாட்டு மியூசியம் அன்று காலைதான் ஒரு குரலை அனுப்பியிருந்தது. அதில் பெயர் இல்லை, வெறும் நம்பர்தான். தன் கொள்ளுத்தாத்தாதானா என்று தனியாகக் கேட்டுப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

சித்தப்பா இதையெல்லாம் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அம்மா இன்னொரு வாழையிலையைக் கொண்டுவந்து, எங்கள் தாத்தாவுக்குப் போட்ட படையலுக்குப் பக்கத்தில் விரித்தாள். செல்போனை அதன் முன்னால் வைக்கச் சொன்னாள்.

“இன்னா அண்ணி இது? அது வெறும் ரெக்கார்டிங்கு.”

“செத்தவரு அம்மாந்தூரத்துலேர்ந்து வந்துகிறாரு. அவர சும்மா உக்கார வெச்சிக்கினு நாம துன்றதா?”

வடையும் பாயசமும் இலையில் விழுந்த பிறகுதான் குரல் ஒலித்தது. இரைச்சலுக்குள் ஒருவர் தன் மொழியில் ஒன்று, இரண்டு என்று எண்ணினார். எண்ணச் சொல்லியிருக்கிறார்கள், எண்ணுகிறார் என்று மாமாவிடம் கேட்டுச் சொன்னார் சித்தப்பா. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை மாதிரி இருக்கவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திடீரென்று எண்ணுவதை நிறுத்திவிட்டு அவர் அவசரமாக ஏதோ சொன்னார். தன் பெயர், தன் ஊர், தன் தாயின் பெயர் என்று பிறகு சித்தப்பா சொன்னார்; மாமாவின் கொள்ளுத்தாத்தாவேதான். மாமா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு அம்மா மொட்டைமாடியில் இரண்டு இலைச் சோற்றையும் வைத்து, “கா... கா...” என்று கூப்பிட்டாள். காக்கை வந்தது. மறுபடி அப்படிக் கூப்பிடுவீர்களா, செல்போனில் பதிந்துகொள்ளலாமா என்று மாமா சித்தப்பா மூலம் கேட்டார். அம்மா தலையாட்டியதும், முதலில் அவளுடைய பெயரும் ஊரும் சொல்லச் சொன்னார்.

அம்மாவுக்கு வெட்கம் தாளவில்லை. வீட்டில் எல்லாருக்கும் அவள் அண்ணி, அம்மா, இல்லையென்றால் ‘ஏய்’. அவள் பெயரை அவள் வாயாலேயே சொல்லி அன்றுதான் கேட்டேன். காக்கையைக் கூப்பிடுவதற்குப் பெயர் எதற்கு என்று எனக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை.