நாலு தடவை எழுந்த சௌந்தரம்

குடியாத்தத்து லுங்கித் தறிக் குடும்பத்தில் பிறந்த சௌந்தரம், ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஆறு வருஷம். ஆறும் டெம்பரவரி. 1984 பொங்கலுக்குப் பர்மனெண்ட் லிஸ்ட் என்று சொன்னதிலிருந்து தண்ணீரைக்கூட அளந்துதான் குடித்தாள். ஷிப்டுக்கு நாலு தடவைக்கு மேல் இடத்தைவிட்டு எழுவதில்லை.

நவம்பரில், மனித நடத்தையைப் படிக்கும் மாணவர் ஒருவர் மெட்ராஸிலிருந்து வந்தார். யார் எத்தனை தடவை எழுந்து போகிறார்கள் என்று கட்டம் போட்டு, தினமும் ஆளுக்கொரு கட்டத்தில் கோடு கோடாகப் போட்டார். பரீட்சை வந்ததும் கிளம்பிவிட்டார். கோடுகளை எண்ணித் தூண் தூணாகப் படம் வரையும் பெருமை சூப்பர்வைசர் கோதண்டபாணிக்குக் கிடைத்தது.

படம் சுவரில் ஏறியது. எல்லாவற்றிலும் உயரமான தூண் சௌந்தரத்துடையது. நாளெல்லாம் நடமாடும் பக்கத்து மெஷின் அம்சவேணியின் பெயருக்கு மேலே வெறும் காகிதம். அடியில் மேனேஜர் கையெழுத்து: 'தூண் உள்ளவர்களுக்குப் பர்மனெண்ட் கிடையாது.'



"நான் தினம் பத்து தடவை போனேண்டி," என்றாள் அம்சவேணி. "எனக்கே பேஜாரா இருக்குது."

சௌந்தரம் நேராகக் கோதண்டபாணியிடம் போனாள். "இன்னாண்ணே கணக்கு இது?"

அவர் காகிதத்தை விரித்தார். "உனக்கு தினமும் நாலு கோடு நிக்குது பாரு. அம்சவேணிக்கு எல்லாத்துலயும் குறுக்கே அடிச்சிருக்குது. அடிச்சா ரிஜெக்ட்டு. தோல் ஷாப்ல இருபது வருஷம் தோல் தரம் பிரிச்சவன்மா நானு."

"அண்ணே, அதுதான் அஞ்சாவது கோடு. லுங்கி எண்ணும்போது எங்கப்பாவும் அப்படித்தான் படுக்கப் போடுவாரு."

கோதண்டபாணி அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"ஷூ வாங்க வந்த வெளிநாட்டு பார்ட்டி படத்தைப் பாத்து மேனேஜருக்குக் கை குடுத்துட்டுப் போய்ட்டாரும்மா. இப்ப தப்புன்னா என் வேலை போய்டும்."

"அப்போ என் வேலை?"

"லிஸ்ட்டுக்கு முன்னாடி மேனேஜர் இன்னொரு படம் கேட்டிருக்காரு. இந்த வாட்டி கோடு போடறதும் நான்தான். நீ தினமும் ஒரு தடவை ஜாஸ்தி எழுந்துடு, குறுக்கே அடிச்சுடறேன், தூணே வராது. ஆனா நெஜமாவே எழுந்திருக்கணும். பொய்க் கோடு மட்டும் நான் போட மாட்டேன்."

மறுநாளிலிருந்து சௌந்தரம் தாகமில்லாமல் ஐந்தாவது தடவை எழுந்து, தண்ணீர்ப் பானை வரை போய், சும்மா நின்றுவிட்டு வந்தாள்.

பொங்கல் லிஸ்ட்டில் முதல் பெயர் அம்சவேணி. இரண்டாவது சௌந்தரம். ஷிப்டுக்கு மூன்று தடவைக்கு மேல் அசையாத முனியம்மா, தன் பெயரைக் காணாமல் லிஸ்ட்டை மறுபடி மேலிருந்து கீழே படித்தாள்.

"நீ இன்னா பண்ணேக்கா?" என்றாள்.

சௌந்தரம் தண்ணீர்ப் பானைப் பக்கம் நடந்தாள்.