சாகுல் பாய் போட்ட கொசுறு

பெட்டியைத் திறந்து பார்த்த யோகன், உள்ளே இருந்ததைத் தொடாமலேயே மூடிவிட்டார். பாராட்டு வரும் என்று டீக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்த எங்கள் மேனேஜர் சாகுல் பாய்க்கு முகம் விழுந்துவிட்டது.

இரண்டாயிரத்துகளின் பிற்பாதியில் ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் நான் லேத்தில் உலோகம் கடையும் டர்னராக இருந்தேன். பம்பு ஷாஃப்ட், லாரி புஷ் என்று கிரீஸ் நாற்றத்தோடு வரும் வேலைதான் எங்களுக்குச் சோறு போட்டது. ஒருநாள் யாழ்ப்பாணத்துக்காரர் யோகன் ஒரு விளையாட்டுத் துப்பாக்கியோடு வந்தார். ஊருக்கு வெளியே ஓர் அரபி தொடங்கவிருந்த விளையாட்டு மைதானத்துக்கு அவர் மேனேஜர். சின்னப் பிளாஸ்டிக் குண்டு சுடும் பொம்மைதான். ஆளுக்கு ஒன்றைக் கொடுத்தால், இரண்டு கட்சியாகப் பிரிந்து சுட்டு விளையாடுவார்கள். வெயிலில் பிளாஸ்டிக் குழல் வளைந்துவிடுகிறது, அலுமினியத்தில் செய்து தர முடியுமா என்று கேட்டார்.

எனக்குக் கசக்குமா? அலுமினியம் நல்ல பிள்ளை. டூல் கூராக இருந்து, கொஞ்சம் மண்ணெண்ணெயும் காட்டினால் சொன்னபடி கேட்கும். குழல் முனையில் மட்டும் இடது திரெட், அதாவது இடப்பக்கம் சுற்றும் மரை. வலது திரெட்டே போட்டுப் பழகிய என் கை, சில துண்டுகளைக் குப்பைக்கு அனுப்பிய பிறகுதான் வழிக்கு வந்தது.

மிச்சம் இருந்தது அனோடைசிங். அலுமினியத்தை ஆசிடில் முக்கி, கரண்ட் விட்டு, சாயம் ஏற்றுகிற வேலை; அதற்கு வெளிக் கடைக்குத்தான் அனுப்ப வேண்டும். யோகன் போனில் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார்: "கறுப்பு மட்டும் வேண்டாம். வேற என்ன நிறமெண்டாலும் சரி."

சாகுல் பாய் கீழக்கரைக்காரர். எடை போட்டு முடித்த பிறகும் ஒரு கை அள்ளிப் போடாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. "கருப்புக்குக் கூலி கூடத்தானே, அதான் மனுசன் கூச்சப்பட்டு வேணாங்குறாரு. நாம கொசுறாப் போட்டுக் கொடுத்துருவோம். துப்பாக்கின்னா கருப்புதானே அழகு?" என்றார். நானும் ஆமாம் போட்டேன். வந்த சரக்கைப் பார்த்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே பெருமையாக இருந்தது. நிஜத் துப்பாக்கியின் குழல் தோற்றது.

அந்தப் பெட்டியைத்தான் யோகன் மூடினார்.

"நான் வேண்டாமெண்டு சொன்னனான் தானே பாய்? நாளையிண்டைக்குப் போலீசுக்காரர் கிரவுண்டைப் பாக்க வருகினம். கண்டவுடனே பொம்மை எண்டு தெரிய வேணும். இல்லாட்டி லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் இல்லாட்டி விசா தந்த கஃபீல் என்னை ஊருக்கு ஏத்திப்போடுவான்."

அவருடைய ஊரில் அப்போது சண்டை மறுபடி மூண்டிருந்தது.

"பாக்க அழகாத்தானே இருக்கு," என்று சாகுல் பாய் மெதுவாக இழுத்தார்.

"நீங்கள் குழலுக்குப் பின்னாலை நிண்டு பாக்கிறியள், பாய். நான் முன்னாலை நிண்டு பாத்தனான்."

டீ ஆறியது. சாகுல் பாய் என் பக்கம் திரும்பி, "சண்முகம், கழுவி எடுத்துற முடியாதா?" என்றார்.

"காஸ்டிக் சோடாவுல போட்டா கருப்பு போயிருமுங்க பாய். கூடவே திரெட்டும் தேஞ்சு லொடலொடன்னு ஆயிருமுங்க."

புதிதாகச் செய்யவும் கையில் அலுமினிய பார் இல்லை. ஆகவே திரெட்டை அப்படியே விட்டுவிட்டு, குழலின் மேல்தோலை மட்டும் லேத்தில் மெல்லச் சீவினேன். சாகுல் பாய் சட்டைக் கையை மடித்துவிட்டு எமரி பேப்பரோடு பக்கத்தில் நின்றார். மேனேஜர் கை கறுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். திரெட்டுகளை ரப்பரால் அடைத்துக்கொண்டு அனோடைசிங் கடைக்கு ஓடினோம். ஆரஞ்சு, சிவப்பு என்று பொம்மை நிறம் கேட்டதற்கு, அங்கே இருந்த பெஷாவர்க்காரர் கான் பாய் இல்லையென்று கையை விரித்தார். "ஆரஞ்ச் மாஃபி, ரெட் மாஃபி. சில்வர் ஹை, கோல்டு ஹை." வில்லா ஜன்னல்களுக்குச் சாயம் ஏற்றுகிற கடை அது. வேறு என்ன இருக்கும்?

யோகனுக்குப் போன் போட்டோம். "சில்வரும் நிசம் மாதிரித்தான் இருக்கும். கோல்டைப் போடுங்கோ," என்றார்.

சோதனைக்கு வந்த அதிகாரி ஒரு துப்பாக்கியைக் கையில் எடுத்து, தங்க நிறக் குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "என் வீட்டு ஜன்னலைக் கழற்றிக் கொண்டுவந்துவிட்டாயா?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். லைசென்ஸ் கிடைத்தது. யோகனும் ஊருக்குப் போகாமல் தப்பினார்.

துபாய் சத்வாவில் வாங்கிய லட்டோடு அவர் வொர்க்‌ஷாப்புக்கு வந்தார். மிச்சமிருந்த ஒரு குழலைத் தானாகவே கையில் எடுத்து, ஒற்றைக் கண்ணை மூடி, அதன் வழியாகச் சாகுல் பாயைப் பார்த்தார். "இப்ப நல்லாத் தெரியிறியள், பாய்," என்று சிரித்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சாகுல் பாய் கொசுறு போடுவதை அதன் பிறகும் விடவில்லை. போடுவதற்கு முன் கேட்கப் பழகிக்கொண்டார், அவ்வளவுதான். லேத்தில் புதிதாக நிற்கிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான். வாடிக்கையாளர் வேண்டும் என்பதை முன்னே பின்னே செய்தால்கூடச் சமாளித்துவிடலாம். வேண்டாம் என்று ஒன்றைச் சொன்னால், அதில் கை வைக்காதீர்கள். அவர் எங்கே நின்று அதைப் பார்த்தவர் என்று நமக்குத் தெரியாது.