செல்வராணியின் பின்னிணைப்பு

போன வாரம் ஒரு வாரிசுச் சான்றிதழுக்காகத் திருச்சுழி தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தேன். அது மூன்றாவது தடவை. கையெழுத்துப் போட வேண்டியவர் வெளியே போயிருக்கிறார், உட்காருங்கள் என்றார்கள். இந்த வயதில் யாராவது உட்காரச் சொன்னால் காரணம் கேட்கத் தோன்றுவதில்லை. உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து மேசையில் ஒருவர் பிய்ந்துபோன பதிவேட்டுக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். கடையில் விற்கிற கோந்து இல்லை. மைதா மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த பசை. அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் சான்றிதழ் மறந்துபோய்விட்டது. அருப்புக்கோட்டையில் நான் வேலை பார்த்த கடையின் வாடை அது.

மாடியில் ஒரே நீளமாக ஒரு ஹால். முன்பக்கம் மூன்று கம்ப்யூட்டர், பின்பக்கம் சுப்பையா அண்ணனின் பைண்டிங் மேசை, அதற்குக் கீழே பசைச் சட்டி. நடுவில் ஒரு மின்விசிறி. அது யார் பக்கம் சுற்ற வேண்டும் என்பதில் எங்களுக்குள் பல வருஷம் வழக்கு நடந்தது. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எல்லாம் அடிப்போம் என்றாலும், கடைக்குப் பேர் வாங்கித் தந்தது ஆய்வேடுகள்தான். எம்.ஃபில்., பிஎச்.டி. என்று படிக்கிறவர்கள் எழுதிக் கொண்டுவருவதை அடித்து, கறுப்புக் காலிகோ அட்டை போட்டு, தங்க எழுத்தில் பேர் பதித்துக் கொடுப்போம். பாலவனத்தத்திலிருந்து தினமும் காலை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, பொழுது சாய நின்றுகொண்டே திரும்புவேன். இடைப்பட்ட நேரம் முழுக்க உட்கார்ந்தே இருப்பதால் சரிக்குச் சரியாகிவிடும் என்று அப்போது நினைத்திருக்கிறேன். இடுப்பு அப்படி நினைக்கவில்லை.

நான் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்தவள் இல்லை. பிளஸ் டூ, அதற்கு மேல் தமிழிலும் இங்கிலீஷிலும் டைப்ரைட்டிங் ஹையர். ஆனால் பல்கலைக்கழகத்தில் என்னென்ன விளைகிறது என்று என்னைக் கேட்டால் சொல்வேன். ஒருவர் கண்மாய் நண்டைப் பற்றி முன்னூறு பக்கம் எழுதியிருந்தார். ஒரு அம்மா ஊரிலுள்ள நெசவாளர்களின் முழங்கால் வலியை வயது வாரியாக, தறி வாரியாகப் பிரித்து வைத்திருந்தார். குதிரைவாலியில் பிஸ்கட் செய்து, எத்தனை நாளில் நமுத்துப்போகிறது என்று ஒரு பெண் ஆராய்ந்தாள். மிச்ச பிஸ்கட்டை எங்களுக்கும் தந்தாள். நாங்கள் தின்ற அன்றைக்கே அது நமுத்துத்தான் இருந்தது, அவள் மனம் கோணக் கூடாதென்று சொல்லவில்லை. கணக்குத் துறைக்காரர் ஒருவரின் ஆய்வில் வாக்கியமே கிடையாது, எல்லாம் வளைவுகளும் கொக்கிகளும். நாடகம் படித்த ஒருவர் தானே எழுதிய நாடகத்தைக் கொண்டுவந்தார். அதில் ஒரு பக்கம் முழுக்க மேலிருந்து கீழ்வரை ‘மௌனம்’, ‘மௌனம்’ என்று மட்டும் இருந்தது. ஒரு தடவை அடித்துவிட்டு மேற்படிக் குறி போட்டேன். அவருக்கு ரொம்ப வருத்தம். ஒவ்வொரு மௌனமும் வேறயாம்.

வேதியியல் மாணவர் ஒருவரின் கையெழுத்துத் தாள்களில் பின்பக்கமும் எழுத்து இருந்தது. நான் வரிசையாக அடித்துக்கொண்டே போனேன். செம்பு உப்பின் கரைதிறன் முடிந்ததும், மஞ்சள் தாவணி ஒன்று படியிறங்கிப் போவது பற்றிப் பன்னிரண்டு வரி. திருத்தம் பார்க்க வந்தவர் முகம் சிவந்து, கொஞ்ச நேரம் யோசித்து, அதை மட்டும் தனியாக ஒரு படி எடுத்துத் தரச் சொன்னார்.

இதையெல்லாம் சிரிப்பாகச் சொல்கிறேன். ஆனால் அவர்கள் படும் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். நாலைந்து வருஷத்தை ஒரு துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வருவார்கள். பையைக் கீழே வைக்க மாட்டார்கள். மடியில் வைத்துக்கொண்டே பேசுவார்கள்.

எனக்கு ஒரு பெருமை இருந்தது. நான் அடித்தால் எழுத்துப் பிழை இருக்காது. எழுதிக் கொடுத்தவர் ஒற்று விட்டிருந்தால் போட்டுவிடுவேன், றகரம் ரகரம் மாறியிருந்தால் மாற்றிவிடுவேன். பேராசிரியர்களே என் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவார்கள். கடை அண்ணாச்சி இதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கேட்காதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அடித்துக்கொண்டிருப்பேன்.

செல்வராணி வந்தது அப்படிப்பட்ட நாளில்தான். எம்.ரெட்டியபட்டிப் பக்கம். அப்பா இல்லை. அம்மா காளியம்மாள் பருத்தி எடுக்கவும் களை வெட்டவும் போய் அவளைப் படிக்கவைத்தவர். அந்த வீட்டில் மட்டுமல்ல, அந்தத் தெருவிலேயே முதல் எம்.ஏ. அவள்தான். பிஎச்.டி.க்காகக் கூலி வேலைக்குப் போகிற பெண்களின் பேச்சைப் பற்றி ஆய்வு செய்திருந்தாள். அவர்கள் வேலை பார்க்கையில் பேசுவதைக் கேசட்டில் பதிந்து, எந்த எழுத்து எங்கே தேய்கிறது, எது எதுவாக மாறுகிறது என்று எழுதியிருந்தாள். ஐந்து இயல். கடைசியில் நூற்று இருபது பக்கத்துக்குப் பின்னிணைப்பு. அந்தப் பெண்கள் பேசியது பேசியபடியே, ஒரு மூச்சுக்கூட மாறாமல். அதில் முதல் முப்பது பக்கம் அவள் அம்மா பேசியது.

இயல்களை அடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி பார்த்தாள். பின்னிணைப்பைத் தொடங்கிய அன்று ஊரிலிருந்து ஆள் வந்தது. அம்மா காட்டில் விழுந்துவிட்டார், ஒரு பக்கம் இழுத்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்றார்கள். ஆய்வேட்டை ஒப்படைக்க எட்டு நாள்தான் இருந்தது. அவள் எழுந்தும் எழாமலும் நின்றாள்.

“நீ போம்மா. இத நான் பாத்துக்கிறேன்” என்றேன்.

பார்த்துக்கொண்டேன். அதைத்தான் சொல்ல வருகிறேன். ‘மள’ என்று இருந்த இடத்திலெல்லாம் ‘மழை’ என்று அடித்தேன். ‘கெளக்க’ என்பதைக் ‘கிழக்கே’ ஆக்கினேன். ‘வந்துக்கிட்டுருந்தாக’ என்பதை ‘வந்துகொண்டிருந்தார்கள்’ என்று நீட்டினேன். அவள் எழுதிய ஐந்து இயலையும் நானேதான் அடித்தேன், ஆனால் என்ன சொல்லியிருக்கிறாள் என்று ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை. எங்கள் வேலையில் எழுத்து கண்ணிலிருந்து விரலுக்குப் போய்விடும், நடுவில் எங்கும் தங்காது. பாவம், அம்மா நினைவில் அவசரமாக எழுதியிருக்கிறாள், இவ்வளவு பிழையோடு போனால் குறை சொல்வார்களே என்றுதான் நினைத்தேன். மூன்று நாள் முதுகு நிமிராமல் உட்கார்ந்து நூற்று இருபது பக்கத்தையும் சுத்தத் தமிழாக்கினேன். முடித்தபோது ஒரு நல்ல காரியம் செய்த நிறைவு இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

கடைசி நாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தாள். பைண்டிங் முடிந்து ஐந்து படியும் தயாராக இருந்தன. மேல் படியின் தங்க எழுத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு மதுரை பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் மாடியேறி வந்தாள். கையில் இரண்டு தாள். மதிப்பீட்டாளரின் அறிக்கை. ஆய்வாளர் விளக்கும் ஒலி மாற்றங்களில் ஒன்றுகூடப் பின்னிணைப்பில் காணப்படவில்லை, தரவுகள் இட்டுக்கட்டப்பட்டவையோ என்று ஐயம் எழுகிறது, திருத்தி மீண்டும் ஒப்படைக்கவும் என்று இருந்தது. நான் இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவைதான் விளங்கியது.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“எங்கம்மா பேசுனதத் தப்புன்னு நெனச்சுட்டீகளாக்கா?”

ஆமாம் என்பதுதான் பதில்.

கையெழுத்துத் தாள்களைத் தேடினோம். தொண்ணூறு பக்கம் பரணில் கட்டாகக் கிடைத்தது. முதல் முப்பது பக்கம் இல்லை. பைண்டிங் முதுகுக்குள் வைத்து ஒட்டுவதற்குச் சுப்பையா அண்ணன் கழிவுத் தாளை எடுப்பது வழக்கம். அடித்து முடித்த தாளென்று நான்தான் அவர் மேசைக்குத் தள்ளியிருக்கிறேன். நண்டு, முழங்கால் எதனுடைய முதுகுக்குள் போனதோ. கேசட்டுகள் துறைக்குச் சொந்தமானவை. அடுத்து வந்த ஆய்வாளர் அவற்றிலேயே வேறு ஏதோ பதிந்துவிட்டார். ஆக, காளியம்மாள் பேசியதில் மிஞ்சியிருந்தது நான் சுத்தம் செய்த வடிவம் மட்டும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு ஊருக்குப் போனேன். நீங்கள் வரவேண்டாம் என்றாள். கேட்காமல் பஸ் ஏறிவிட்டேன். காளியம்மாள் கட்டிலில் சாய்ந்திருந்தார். கையும் காலும் ஓரளவு தேறியிருந்தன, நாக்கு தேறவில்லை. செல்வராணி நான் அடித்த பக்கங்களை எடுத்து அவருக்கு வாசித்துக் காட்டினாள். பருத்திக் காட்டில் திடீரென்று மழை பிடித்துக்கொண்ட ஒரு நாளைப் பற்றிய பேச்சு. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கோணிய வாயால் மெல்லச் சிரித்தார்.

“யாரு? டீச்சரா?”

நீதாம்மா பேசுனே, அதே மாதிரி இன்னொரு தடவை சொல்லு என்றாள் மகள். அவர் முயன்றார். காற்றும் எச்சிலுமாக ஏதோ வந்தது. இரண்டு வார்த்தைக்கு மேல் போகவில்லை. மூன்றாவது முயற்சியில் கண்ணில் நீர் வந்துவிட்டது. முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டு, டேப் ரிக்கார்டரை அணைத்து வைத்தாள் செல்வராணி.

திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தில் நான்தான் பேச்சைத் தொடங்கினேன். உனக்குத்தான் அம்மா பேச்சு தெரியுமே, நான் திருத்தியதைப் பழையபடி மாற்றி எழுதிவிட்டால் என்ன என்று கேட்டேன். யாருக்கும் தெரியப் போவதில்லை என்று சொல்லவும் வாயெடுத்தேன்.

“மின்னுச்சுன்னாகளா, மின்னிச்சுன்னாகளான்னு எனக்குத் தெரியாதுக்கா. நான் மாத்தி எழுதுனா அது நான் பேசுனதாயிரும்” என்றாள்.

அந்த முப்பது பக்கத்தையும் எடுத்துவிட்டாள். அதற்குப் பதிலாக வேறு இரண்டு பெண்களிடம் போய்ப் புதிதாகப் பதிந்து வந்தாள். பின்னிணைப்பை அடிக்கும் வேலையை அண்ணாச்சி என்னிடமிருந்து எடுத்து, புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணிடம் கொடுத்தார். செல்வராணி அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டாள். அடுத்த மேசையில் நான் யாருடைய கல்யாணப் பத்திரிகையையோ அடித்துக்கொண்டிருந்தேன். பட்டம் கிடைக்க மேலும் இரண்டு வருஷம் ஆயிற்று. இதற்கிடையில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் இடம் வந்து, பட்டம் கையில் இல்லாததால் வேறொருவருக்குப் போனது. பிறகு விருதுநகர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தாள். இன்றுவரை அங்கேதான். வாய்மொழித் தேர்வு முடிந்து பட்டம் உறுதியான அன்று கடைக்கு வந்து எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். அதை வாயில் போடவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் பஸ் ஏறும்வரை கையிலேயே வைத்திருந்தேன்.

காளியம்மாள் அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார். பேச்சு திரும்பவே இல்லை.

கடை மூடியும் ரொம்பக் காலம் ஆகிறது. எம்.ஃபில். என்ற படிப்பையே எடுத்துவிட்டார்களாம். பிஎச்.டி. செய்கிறவர்கள் அவரவர் மடிக்கணினியில் அடித்து அப்படியே அனுப்பிவிடுகிறார்கள். என்னைப் போல் நடுவில் ஒருத்தி தேவையில்லை, அது ஒருவிதத்தில் நல்லதுதான். அண்ணாச்சி போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மகன் கம்ப்யூட்டர்களை மொத்தமாகத் தூக்கிப் போட்டான். நண்டும் பிஸ்கட்டும் அத்தனை மௌனங்களும் அதோடு போயின.

தாலுகா ஆபீசிலிருந்து வந்த அன்று மாலையே, பல வருஷத்துக்குப் பிறகு செல்வராணிக்குப் போன் போட்டேன். உடம்பு, பிள்ளைகள், அவளுக்கு இன்னும் இருக்கிற சர்வீஸ் என்று பேச்சு சுற்றி வந்தது. அவளாகவே கேட்டாள், நான் முதலில் அடித்த ஃபைல் எங்கேயாவது இருக்கிறதா என்று. திருத்திய வடிவமாக இருந்தாலும் பரவாயில்லையாம். பல்கலைக்கழகத்துக்குப் போன படிகள் திரும்பி வரவே இல்லை, வீட்டில் வைத்திருந்த பழைய படியை அந்தக் கோபத்தில் அடுப்பில் போட்டுவிட்டாளாம்.

பீரோவில் தேடியதில் அந்தக் காலத்துச் சிடி ஒன்று அகப்பட்டது. மேலே அவள் பெயர் என் கையெழுத்தில். பக்கத்துத் தெரு இ-சேவை மையத்துப் பெண் போட்டுப் பார்த்தாள். ஃபைல் திறந்தது. ஆனால் எங்கள் கடையில் வைத்திருந்த தமிழ் எழுத்துரு இப்போது எந்த மெஷினிலும் இல்லை. திரை முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் கட்டமும் கேள்விக்குறியுமாக ஓடியது. அந்தப் பெண் எதையெதையோ மாற்றிப் பார்த்துவிட்டு, ஆகாதும்மா என்றாள்.

அதைச் செல்வராணியிடம் சொன்னேன்.

“நீங்கதானக்கா கடைசியா என் கையெழுத்துத் தாளப் படிச்சது. எங்கம்மா சொன்னது ஒரு வரியாச்சும் ஞாபகம் இருக்கா?”

இருக்கிறது என்றேன். பொய்யில்லை, ஒரு வரி இருந்தது. அவள் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

“கிழக்கே மின்னியது; மடியில் கட்டிய பருத்தியை அவிழ்க்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தோம்.”