டீயில் ஆடை கட்டும் நேரம்

திரைப்பட வகுப்பின் முதல் கட்டுரையை வேதியியல் ஆய்வறிக்கை போல எழுதிக் கொடுத்தேன். நோக்கம், கருவிகள், செய்முறை, கவனித்தவை, முடிவு. கருவிகள் என்ற இடத்தில் ‘வீடியோ பெட்டி ஒன்று, கண் இரண்டு’ என்றுகூட எழுதியிருந்தேன். எண்பதுகளில், பெட்டாலிங் ஜெயா கல்லூரி ஒன்றில் அறிவியல் படித்த எங்களுக்குக் கை அப்படித்தான் போகும்.

அது விருப்பப் பாடம். முதல் கட்டுரை தேறினால் வகுப்பில் இருக்கலாம். தேறாவிட்டால் வேறு பாடம் பார்க்க வேண்டும். எனக்குப் படம் போடும் அந்த இருட்டறை வேண்டும். பசி மாதிரி வேண்டும்.

பார்க்கச் சொன்னது ஒரு குறும்படம். சமையலறையில் ஒரு பெண், முன்னால் டீ, கண் வாசலில். பேச்சே இல்லை. மற்றவர்கள் அவள் முகத்தை எழுதினார்கள். நான் டீயை எழுதினேன். ‘முதல் மூன்று ஷாட்டில் ஆவி பறக்கிறது. நான்காவதில் ஆவி இல்லை, ஆடை கட்டியிருக்கிறது. முடிவு: மகன் வரவில்லை.’

விரிவுரையாளர் பிரிக்பீல்ட்ஸ்காரர், யாழ்ப்பாணத் தமிழ்ப் பெண், எங்களைவிட ஏழெட்டு வயதுதான் கூட. என் தாளை உரக்க வாசித்தார். பின்வரிசை சிரித்தது.

“கருவியில ஒன் மூக்குக் கண்ணாடியையும் சேத்துக்க லா,” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

அவர் சிரிக்கவில்லை. “மூண்டு வருசமா இந்தப் படத்தைப் படிப்பிக்கிறன். ஆடையை நான் காணேல்லை.”

நாடாவைப் பின்னுக்கு ஓட்டி நிறுத்தினார். திரையில் கோடுகள் நெளிந்தன. எழுந்து போய், குனிந்து, திரையின் கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்குப் பார்த்தார். தான் நடத்திய பாடத்தை இருபது பேர் முன்னால் ஒருவர் சரிபார்ப்பதை அதற்கு முன் நான் கண்டதில்லை. ஆய்வுக்கூடத்தில்கூட இல்லை.

“ஓம், இருக்கு,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “மகன் வரேல்லை எண்டு எங்க பார்த்தனீர்?”

திரையைத் திரும்பப் பார்த்தேன். படத்தில் மகனே கிடையாது.

“முடிவை மட்டும் திருப்பி எழுதும். வெள்ளிக்கிழமை தாரும். அதுக்குப் பிறகுதான் மார்க்ஸ்.”

பண்டமாரானில் எங்கள் வீட்டில் அன்று மாலை பால் காய்ச்சி டீ கலந்து, மேசையில் வைத்துக் காவல் இருந்தேன். துறைமுகத்துக்கு லோரி ஓட்டும் அப்பா வேலை முடிந்து வந்தார்.

“யாருக்கு டீ?”

“யாருக்கும் இல்லப்பா. பாடம்.”

“காலேஜுக்குப் போயி டீ ஆற வைக்கவா கத்துக்கிட்டு வர?” கை நீட்டினார்.

“தொடாதீங்க. இன்னும் ஆடை வரல.”

அவரும் உட்கார்ந்துவிட்டார். பார்த்தோம். பார்த்துக்கொண்டே இருந்தோம். ஓரம் சுருங்கியது, நடுவில் மெல்லிய தோல் ஒன்று பரவியது. இவ்வளவு நேரமா என்று இருந்தது. ஐந்து நொடியில் நான் பார்த்து முடித்ததை அந்தப் பெண் இத்தனை நேரம் இருந்து கழித்திருக்கிறாள்.

எழுதினேன்: ‘முடிவு: டீயில் ஆடை கட்டும்வரை அவள் அதைத் தொடவில்லை. வாசலைப் பார்த்தாள். யாருக்காக என்று தெரியாது.’

‘தெரியாது’ என்று எழுத அறிவியல்தான் எனக்குத் தைரியம் தந்தது. அதை எங்கே எழுத வேண்டும் என்று காட்டியது அந்த இருட்டறை. ஒன்றில்லாமல் மற்றது எனக்குப் பாதிதான்.

வெள்ளிக்கிழமை, விரிவுரையாளர் நடைக்கூடத்தில் நின்றபடியே வாசித்தார். பேனாவை எடுத்து ‘பி’ என்று போட்டார்.

“உள்ள வந்து இரும்,” என்றார். “படம் தொடங்கப் போகுது.”