சனிக்கிழமையைப் பிடித்த கதை

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் இஸ்திரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாகப் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து அடுக்குகிறவள். யாரோடும் வம்புக்குப் போகமாட்டாள், அடுத்த மேசையில் நின்று தேய்க்கும் தன் சொந்த அண்ணியைத் தவிர.

வயிற்றெரிச்சலுக்குக் காரணம் நகையோ புடவையோ இல்லை, கிழமை. ஆஸ்பத்திரிக்கு ஏது ஞாயிறு? ஆளுக்கொரு நாள் வார விடுப்பு. டிசம்பர் முதல் தேதி மேற்பார்வையாளர் சுவரில் ஒரு தாள் ஒட்டுவார். முந்தி வந்தவர் பிடித்த கிழமையில் பெயர் எழுதிக்கொள்ளலாம். அடுத்த வருடம் முழுக்க அதுதான். அரசு விடுமுறை அதே கிழமையில் விழுந்தால் போச்சு, மாற்று நாள் கிடையாது. பக்கத்து நாளில் விழுந்தால் சேர்ந்தாற்போல இரண்டு நாள்.

அந்த இரண்டு நாளுக்காகத்தான் அவள் உயிரை விட்டாள். மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் பஸ்ஸில் ஒன்பது மணி நேரம். தனியாக லீவு கேட்டால் ஆளில்லை என்று மேற்பார்வையாளர் கையை விரித்துவிடுவார். மூன்று வயதுப் பேத்தியை இதுவரை இரண்டே முறை பார்த்திருக்கிறாள்.

அண்ணியின் மகனும் அதே ஊரில், மகள் வீட்டுக்கு அடுத்த தெருவில்தான் இருந்தான். அந்த வருடம் மே தினம், காந்தி ஜெயந்தி, கிறிஸ்துமஸ் மூன்று விடுமுறையும் வியாழனில் விழுந்தன. அண்ணிக்கு வெள்ளி விடுப்பு. மூன்று தடவையும் போய்வந்தாள். வந்து, "உன் பேத்தி என் மடிய விட்டு எறங்கவே மாட்டேங்கறா" என்று வேறு சொன்னாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். கேட்டவள் இஸ்திரிப் பெட்டியை விரிப்பின் மேல் அறைந்து வைத்தாள்.

அதே தேதி வருடத்துக்கு ஒரு கிழமை தள்ளும் என்பது இஸ்திரி அக்காவுக்குத் தெரியும். வியாழன் போனால் வெள்ளி. அப்படியானால் சனியைப் பிடிக்க வேண்டும். டிசம்பர் முதல் தேதி விடிந்ததும் விடியாததுமாக ஓடிப்போய்ச் சனியில் பெயரை எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை வேலை குறைவு என்பதால் அன்றைக்கு விடுப்பெடுக்க யாருக்கும் மனசு வராது. கடைசியாக வந்த அண்ணிக்கு அதுதான் மிஞ்சியது. அன்று முழுக்க இஸ்திரி அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

கிறிஸ்துமஸ் கழிந்து புதுக் காலண்டர் கைக்கு வந்தபோதுதான் பார்த்தாள்: பிப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள். அந்த ஒரு நாள் குறுக்கே புகுந்ததில் அந்த மூன்று விடுமுறையும் வெள்ளியைத் தாண்டிச் சனியில் போய் உட்கார்ந்திருந்தன. அவளுக்கு ஒன்றுகூட இல்லை. அண்ணிக்கோ சனி, ஞாயிறு, சனி, ஞாயிறு, சனி, ஞாயிறு!

அண்ணியே வந்தாள். "ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா மாத்திக்கலாமாம். ஞாயித்துக்கிழமைய நீ எடுத்துக்க. நான்தான் மூணு தடவ போயிட்டு வந்துட்டேனே."

"உங்க தயவு ஒண்ணும் எனக்கு வேணாம் அண்ணி. நீங்களே போய்க் கொஞ்சுங்க."

முதல் விடுமுறைச் சனி மத்தியானம் மனசு கேட்காமல் மகளுக்குப் போன் போட்டாள். எடுத்தது குழந்தை.

"பாட்டி பேசறேன்டி தங்கம்."

"பாட்டி இங்க இருக்காங்களே. நீங்க யாரு?"

அங்கே அண்ணி குழந்தையிடம் மெல்லச் சொல்வது கேட்டது: "கண்ணு, அவங்கதான் உங்க அம்மாவப் பெத்தவங்க. அவங்கதான் உன் சொந்தப் பாட்டி."

அதையும் அண்ணிதான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.